திரும்பி வரும் மெட்டு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வேயின் பார்சல் ஆபீசில் ரசீதும் பேரேடுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட நாம் அவர்கள் நின்ற இடத்தில் நிற்கத் துணிந்தது, செயலாளர் அவர்களின் அன்புத் தொல்லையால்தான். "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள்" என்றார். அச்சொல்லை எண்ணி அவர் இப்போது வருந்தக்கூடும். ஏனெனில் நாம் எடுத்துக்கொண்ட பொருள், மலையாளப் படங்களில் வரும் ஒரு மெட்டும், நம் பிள்ளைகள் செல்போனில் ஆடுகின்ற வீடியோ கேம்களில் வரும் சில மெட்டுகளும் ஆகும். பெரியோர் முகம் சுளிக்க வேண்டா. சிறிது பொறுத்துக் கேட்டால், பேச்சு எங்கே போய் நிற்கிறது என்பது விளங்கும்.

மெட்டு என்பது ஒருமுறை கேட்டு மறப்பதற்கன்று. திரும்பத் திரும்ப வரும்போதுதான் அதற்கு ஒரு பொருள் உண்டாகிறது. ரயில்வேக்காரர்களாகிய நமக்கு இது புதிதன்று. நிலையத்தின் பெயர்ப் பலகையில் பாலக்காடு சந்திப்பு என்று மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், நம் வாயில் இன்னும் ஒலவக்கோடுதான். அங்கே அறிவிப்புக்கு முன்னால் ஒலிபெருக்கியில் சிறு மணியோசை ஒன்று வருகிறதே, அது கேட்டவுடன் பேசிக்கொண்டிருப்பவர் வாய் மூடுகிறார். உறங்குபவர் விழித்துப் பெட்டியைத் தேடுகிறார். அந்த ஓசையில் ஒரு சொல்லும் இல்லை. எனினும் "ஏதோ வருகிறது" என்னும் செய்தி அதில் இருக்கிறது.

கோயிலிலும் இதுவே நடக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் நம் தாத்தாவின் ஊர்க் கோயிலில், சுவாமி புறப்பாட்டின்போது நாதசுரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். கம்பீரநாட்டை ராகம், சாகித்தியம் கிடையாது. தவிலோடு அது எழுந்தவுடன், வீட்டுக்குள் இருக்கும் கிழவியும் "சாமி கிளம்பிட்டாரு" என்று எழுந்துவிடுவாள். தேர் இழுக்கையில் தேர் மல்லாரி, தளிகை கொண்டுவருகையில் தளிகை மல்லாரி, தீர்த்தம் எடுத்துவருகையில் தீர்த்த மல்லாரி எனப் பிரிவுகளும் உண்டு. ராகம் ஒன்றே. நடையும் தாளக் கணக்கும் மாறும்போது, வருவது தேரா, தளிகையா என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

இனி நமது பொருளுக்கு வருவோம்.

1988ஆம் ஆண்டு "ஒரு சிபிஐ டயரிக்குறிப்பு" என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. எழுதியவர் எஸ். என். சுவாமி, இயக்கியவர் கே. மது; நாயகர் மம்மூட்டி. அப்போது நமக்குப் பத்து வயது. ஏலத்தோட்டத்து வேலைக்காரர்களாகிய நம் பெற்றோர், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவிர நம்மைக் கொட்டகைக்கு அழைத்துச் சென்றதில்லை. அவ்வாண்டு எப்படியோ கட்டப்பனையில் அப்படத்தைப் பார்த்தோம். வசனம் பாதி புரிந்தது. படத்தில் ஒரு பாட்டும் இல்லை என்று தந்தையார் குறைபட்டுக்கொண்டார். ஆனால் திரும்பி வருகையில் ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் ஒரே மெட்டை வாயால் முணுமுணுத்தார்கள்.

அந்த மெட்டு எது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விரைந்த தாளத்தின்மேல் அடுத்தடுத்து வரும் குறுகிய சுரக்கோவை. படம் தொடங்கி நெடுநேரம் சென்ற பின்னரே நாயகர் வருகிறார். நெற்றியில் குங்குமப் பொட்டு, படிய வாரிய தலை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்ட நடை. கையில் துப்பாக்கி இல்லை. வாயில் வீர வசனமும் இல்லை. ஒரு வீட்டு மாடியிலிருந்து பொம்மையைக் கீழே தள்ளிப் பார்த்து, விழுந்தது தானாகவா, தள்ளப்பட்டா என்று கணக்கிடுகிறார். அவர் நடக்கும்போதெல்லாம் அம்மெட்டு உடன் வருகிறது. அவர் பெயர் சேதுராம ஐயர்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கேரளத்தில் தமிழன் எப்படி அழைக்கப்படுகிறான் என்பதை இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்கள் அறிவார்கள். அக்கிரகாரத்தார் ஆனால் "பட்டர்". மலையிலும் சந்தையிலும் உழைப்பவர் ஆனால் "பாண்டி". இரண்டையும் அன்போடு சொல்பவர் உண்டு. அன்பில்லாமல் சொல்பவரும் உண்டு. பள்ளிக்கூடத்தில் நம்மை அழைத்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையினர். அந்நாளைய மலையாளப் படங்களில் தமிழ் பேசுபவன் வந்தால், சிரிப்பு வரப்போகிறது என்றே நாம் எதிர்பார்ப்போம். அப்படிப்பட்ட திரையில், எல்லாரினும் கூரிய அறிவுடையவராக, யாரையும் ஏசாதவராக, தமிழ் வழிவந்த ஓர் ஐயர் நடந்து வந்தார். எழுத்தாளர் முதலில் அவரை அலி இம்ரான் என்னும் முஸ்லிம் அதிகாரியாகத்தான் எண்ணியிருந்தாராம். ஐயராக மாற்றலாம் என்ற யோசனை மம்மூட்டியுடையது என்பர். அலி இம்ரான் என்ற பெயர் அதே ஆண்டில் வந்த "மூணாம் முற" படத்தில் மோகன்லாலுக்குச் சென்றது. நல்லவேளை, இவருக்கு ஐயர் என்ற பெயர் வாய்த்தது. மறுநாள் பள்ளியில் நாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தோம். "பாண்டி" என்று வழக்கமாக அழைக்கும் பையன் அன்று அம்மெட்டை வாயால் வாசித்தான். கேலியாகத்தான் வாசித்தான். ஆனாலும் அந்த ஒரு நாள் நமக்குப் பிடித்திருந்தது.

அந்த மெட்டை அமைத்தவர் யார் என்று அன்று நாம் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தே தெரிந்துகொண்டோம். ஷியாம் என்பது அவர் திரைப்பெயர். இயற்பெயர் சாமுவேல் ஜோசப், 1937இல் சென்னையில் பிறந்த தமிழர், வயலின் கலைஞர். எம். எஸ். விசுவநாதன், சலில் சௌதுரி ஆகியோரிடம் உதவியாளராக இருந்தவர். தமிழில் "மனிதரில் இத்தனை நிறங்களா" முதலிய சில படங்களுக்கே அவர் இசையமைத்தார். மலையாளத்திலோ நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். "ஆரூடம்" படத்திற்காக 1983ஆம் ஆண்டின் கேரள அரசு விருதும் பெற்றார். அக்காலத்தில் மலையாளப் படங்களின் இசை பெரும்பாலும் சென்னையில்தான் பதிவாயிற்று. ஆக, வாளையாறு கணவாயைக் கடந்து பிழைக்க வந்தவர்கள் நாம் மட்டும் அல்லோம். ஷியாமின் மெட்டுகளும் நாள்தோறும் அவ்வழியே வந்துகொண்டிருந்தன. சேதுராம ஐயரின் மெட்டைக் கேட்டு உடல் சிலிர்க்கும் மலையாள நண்பர்களிடம், "அதை அமைத்தவர் எங்கள் ஊர்க்காரர்" என்று சொல்ல நமக்கு மிகுந்த ஆசை. சொன்னால், "அது எப்படி? அது நம்முடையது அல்லவா?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்.

முதல் படத்துக்குப் பின் 1989இல் "ஜாக்ரதா" வந்தது. பிறகு பதினைந்து ஆண்டு இடைவெளி. 2004இல் "சேதுராம ஐயர் சிபிஐ", 2005இல் "நேரறியான் சிபிஐ". பின்னர் நெடிய மௌனம். 2022இல் "சிபிஐ 5" வந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஐந்து படங்கள். ஐந்திலும் நடிகர் ஒருவரே, எழுத்தாளர் ஒருவரே, இயக்குநரும் ஒருவரே. முதல் நான்கிற்கு ஷியாம் இசையமைத்தார். ஐந்தாவதற்கு ஜேக்ஸ் பிஜோய் என்னும் இளைஞர். அவர் புதிய கருவிகளைச் சேர்த்தார், ஒலியைப் பெரிதாக்கினார், ஆனால் மெட்டை மாற்றத் துணியவில்லை. மாற்றியிருந்தால் கொட்டகையில் நாற்காலிகள் மிஞ்சியிரா.

ஐந்தாம் படம் கதையளவில் சற்றே தொய்வுடையது என்பது நம் கருத்து. ஆயினும் அதில் ஒரு காட்சிக்காக அதைப் பார்த்தது வீண் என்று நாம் சொல்லமாட்டோம். ஐயரின் துணையதிகாரி விக்ரமாக முன் படங்களில் நடித்தவர் ஜகதி ஸ்ரீகுமார். 2012இல் கார் விபத்தில் கடுமையாக அடிபட்டுப் பேச்சும் நடமாட்டமும் குன்றியிருந்தவர். பத்தாண்டுக்குப் பின் அதே விக்ரமாகச் சில நிமிடம் திரையில் தோன்றினார். கொட்டகையில் எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பழைய மெட்டு நம் மனத்துள் தானே ஒலித்தது. முதன்முதலாகப் பார்ப்பவனுக்கு அங்கே உடல்நலம் குன்றிய ஒரு முதியவர் மட்டுமே தெரிந்திருப்பார். நமக்கோ முப்பத்து நான்கு ஆண்டும் தெரிந்தன.

ஒரு மெட்டு படந்தோறும் நாயகனைத் தொடர்ந்து வருவது கேரளத்தில் பிறந்த வழக்கம் அன்று. ஜெர்மனியில் வாக்னர் என்பவர் நான்கு இசை நாடகங்களைத் தொடராக எழுதி, வாளுக்கு ஒரு மெட்டு, மோதிரத்துக்கு ஒரு மெட்டு என நாடகம் முழுவதும் ஓடவிட்டு, 1876இல் நான்கையும் ஒருசேர அரங்கேற்றினார். 1962இல் வந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் படத்தின் மெட்டு இன்றுவரை அவ்வுளவாளியின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மெட்டின் பிறப்பை அறிந்தபோது நாம் வியந்தோம். மாண்டி நார்மன் என்ற ஆங்கிலேயர், வி. எஸ். நைபால் எழுதிய "எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்" என்னும் நாவலை இசை நாடகமாக்க முயன்றார். கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழிவந்த டிரினிடாட் இந்தியர்களின் கதை அது. தும்மலைத் தீய சகுனமாக எண்ணிப் புலம்பும் ஓர் இந்தியனுக்காக, இந்தியச் சாயலில் அவர் ஒரு பாட்டு அமைத்தார். நாடகம் மேடையேறவில்லை. பாட்டு பெட்டியில் கிடந்தது. பாண்ட் படத்துக்கு மெட்டு வேண்டும் என்றபோது அதை எடுத்துக் கொடுத்தார். ஜான் பாரி என்பவர் கிதாரும் பித்தளை வாத்தியங்களும் சேர்த்து அதை முழக்கமாக்கினார். தோட்டக் கூலியின் பேரன் பாட வேண்டிய மெட்டு, கோட்டும் சூட்டும் அணிந்த துரைக்குப் போய்ச் சேர்ந்தது!

இதைப் படித்த இரவு நமக்கு ஏலமலை நினைவு வந்தது. சேதுராம ஐயருக்கு ஒரு மெட்டு உண்டு. அதில் நமக்கும் பெருமைதான். ஆனால் அவர் பாலக்காட்டு அக்கிரகாரத்துச் சாயல் கொண்டவர். நம் தாயார் ஏலத்தோட்டத்தில் களையெடுத்தவர். மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் தேயிலை கிள்ளிய பெண்கள் நடந்து வரும்போது எந்தத் திரையிலும் எந்த மெட்டும் ஒலித்து நாம் கேட்டதில்லை. பெரட்டுக்குக் கூப்பிடும் சங்கொலிதான் அவர்களுக்கு நாள்தோறும் திரும்பி வந்த இசை. அப்படித்தான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். அந்த நினைப்பு பிழை என்று நமக்குக் காட்டியவன் நம் மகன். அதுவும் ஒரு வீடியோ கேமின் வழியாக.

அவன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். மாலையில் செல்போனும் கையுமாக அமர்ந்துவிடுவான். பரீட்சை நெருங்கிய ஒரு நாள் நாம் பொறுமையிழந்து அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இரண்டு நாள் அவன் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நாமே சென்று, "அப்படி என்னதான் இருக்கிறது அதில்?" என்றோம். "அப்பா, சத்தியமா விளையாட்டுக்காக மட்டும் இல்லை. பாட்டுக்காகவும்தான்" என்றான். சாக்குப்போக்கு என்றே எண்ணினோம். கேட்டுப் பார்த்தபின் அவ்வாறு எண்ண முடியவில்லை.

அவன் ஆடுவது "ஃபைனல் ஃபாண்டசி" என்னும் ஜப்பானிய விளையாட்டுத் தொடர். முதலாவது 1987இல் வந்தது. பழைய பாகங்கள் இப்போது செல்போனுக்காகப் புதுக்கப்பட்டுள்ளன. இசையமைத்தவர் நோபுவோ உவேமாட்சு; இசைப் பள்ளியில் பயிலாமல் தாமே கற்றுக்கொண்டவர்; முன்பு இசைத்தட்டு வாடகைக்குக் கொடுக்கும் கடையில் வேலை பார்த்தவர். இச்செய்தி நம்மைப் போன்ற பத்தாம் வகுப்புக்காரருக்கு எவ்வளவு இனிக்கும் என்று சொல்ல வேண்டுமா?

அந்நாளைய விளையாட்டுக் கருவியில் ஒரே வேளையில் ஐந்து ஒலிகளே எழும்ப முடியும்; அவற்றுள் மெட்டுக்கு உதவுபவை மூன்றுதான். விளையாட்டு முழுவதும், படமும் கதையும் இசையும் சேர்த்து, 256 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். இன்று நாம் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தில் பத்தில் ஒரு பங்கு இடமும் அதற்குத் தேவையில்லை. ஆகவே மெட்டு சிறியதாக இருக்க வேண்டும்; சுற்றிச் சுற்றி வந்தாலும் அலுக்கக்கூடாது. நம் வீட்டுச் சமையலறைபோல, இடம் குறைந்ததால் ஒழுங்கு கூடிற்று.

அத்தொடரில் ஒரு வியப்பு உண்டு. சேதுராம ஐயர் ஐந்து படத்திலும் ஒருவரே. இவ்விளையாட்டிலோ பெரும்பாலும் பாகந்தோறும் நாயகன் வேறு, நாடு வேறு, கதை வேறு. முன் பாகத்தின் ஆள் ஒருவரும் அடுத்ததில் இல்லை. எனினும் இது அதே குடும்பம் என்று ஆடுபவனுக்குத் தெரிகிறது. எதனால்? திரும்பி வரும் மெட்டுகளால். தொடக்கத்தில் வீணையின் தந்திகளைக் கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் ஒவ்வொன்றாக மீட்டுவது போன்ற ஒரு முன்னிசை. முதல் பாகத்தில் அது வெறும் ஏற்ற இறக்கம்தான். 1991இல் வந்த நான்காம் பாகத்தில் அதன்மேல் வேறொரு மெல்லிய மெட்டு வந்து அமர்ந்தது. பிறகு அதுவும் உடன் வரலாயிற்று.

இன்னொன்று, மக்கள் குதிரைபோல் ஏறிச் செல்லும் ஒரு பெரிய பறவைக்கு உரிய மெட்டு. சோகோபோ என்று அதற்குப் பெயர். 1988இல் இரண்டாம் பாகத்தில் தோன்றிய அம்மெட்டு, நான்காம் பாகத்தில் சாம்பா நடனத் தாளத்திலும், ஐந்தாம் பாகத்தில் மாம்போ தாளத்திலும், ஏழாம் பாகத்தில் வால்ட்ஸ் என்னும் மூன்றெண்ணிக்கைத் தாளத்திலும் வருகிறது. மகன் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிட்டபோது, நாம் நம்மையறியாமல் தொடையில் தாளம் போட்டோம். தேர் மல்லாரி, தளிகை மல்லாரி நினைவுக்கு வந்தன. அவனிடம் சொன்னோம். அவன் யூடியூபில் மல்லாரியைத் தேடிக் கேட்டுவிட்டு, "இதுதான்பா முதல் பாஸ் மியூசிக்" என்றான். பாஸ் என்றால் அவர்கள் மொழியில் விளையாட்டின் பெரிய எதிரி. சுவாமியைப் போய் எதிரி என்கிறானே என்று முதலில் திடுக்கிட்டோம். பெரியவர் வருகிறார் என்று அறிவிக்கும் இசை என அவன் விளக்கிய பிறகு அமைதியுற்றோம்.

"செல்டா" என்ற இன்னொரு தொடரின் கதையும் அவன் சொன்னதே. 1986இல் அதன் இசையமைப்பாளர் கோஜி கோண்டோ, ராவெல் என்னும் பிரெஞ்சுக்காரரின் "பொலேரோ" என்ற புகழ்பெற்ற இசையை முகப்பில் வைக்க எண்ணியிருந்தார். கடைசி வேளையில், ராவெல் இறந்து ஐம்பது ஆண்டு நிறையாததால் அதற்கு இன்னும் உரிமை உண்டு என்று தெரிந்தது. வேறு வழியின்றி அவசரமாகத் தாமே ஒரு மெட்டு அமைத்தார். அதுதான் இன்று உலகெங்கும் பிள்ளைகள் வாயில் இருக்கிறது. அத்தொடரில் இளவரசிக்கு ஒரு தாலாட்டு உண்டு; 1991இல் வந்தது. இருபது ஆண்டு கழித்து, 2011இல் வந்த பாகத்தில் ஒரு தெய்வப் பாடல் கேட்கிறது. கேட்டவர்கள் எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதே என்று மயங்கினார்கள். அத்தாலாட்டைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பி வாசித்ததே அப்பாடல்! நம் புலவர்கள் மாலைமாற்று என்று பாடினார்கள். திருப்பிப் படித்தாலும் அதே பாட்டாக இருப்பது அது. இதுவோ திருப்பினால் வேறாகிவிடுகிறது. ஆனால் உள்ளே அதே சுரங்கள்.

இப்படி மாலைதோறும் தந்தையும் மகனும் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான், நாம் முன்னே சொன்ன அந்த நிகழ்ச்சி நடந்தது.

சென்ற ஆண்டு நம் தந்தையார் ஏலமலையில் காலமானார். அங்கே கிடத்தியிருந்தபோது நம் தாயார் ஒப்பாரி வைத்து அழுதார். பதின்மூன்று நாள் ஆனபின் தாயாரை இக்காலனிக்கு அழைத்துவந்தோம். சில மாதம் கழித்து நம் தங்கை பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. ஒரு மாலை, தூளியை ஆட்டிக்கொண்டே தாயார் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். மூலையில் அமர்ந்திருந்த நம் மகன் தலையை நிமிர்த்தி, "அப்பத்தா, இது தாத்தாவுக்கு அழுத மெட்டுதானே?" என்றான்.

வீடு ஒரு கணம் அசைவற்றது. பச்சைக் குழந்தை உறங்கும் இடத்தில் பிணத்தின் பேச்சா என்று தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. நாம் கையை ஓங்கிவிட்டோம். மகனோ நிறுத்தவில்லை. "மூணு தடவை கேட்டிருக்கேன்பா. கொரோனா லீவுல நான் அப்பத்தா வீட்ல இருந்தப்ப, டிவியில பெட்டிமுடி காட்டினாங்க. அப்பவும் அப்பத்தா இதைத்தான் மெதுவாப் பாடினாங்க. அப்புறம் தாத்தாவுக்கு. இப்ப பாப்பாவுக்கு" என்றான்.

பெட்டிமுடி என்றால் இங்கு அனைவரும் அறிவீர்கள். 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாற்றுக்கு அப்பால் மலை சரிந்து, தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பில் உறங்கியிருந்த 70 பேரைக் கொண்டுபோயிற்று. பெரும்பாலோர் தமிழர். நம் தாயாருக்கு அங்கே உறவினர் எவரும் இலர். முகமறியாத அவர்களுக்காக அந்தக் கிழவி திண்ணையில் அமர்ந்து பாடியிருக்கிறார். வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை கவனித்திருக்கிறான்.

ஓங்கிய கை ஓங்கியபடி இருக்க, தாயார் தூளிக் கயிற்றை விடாமல் சொன்னார்: "அவனெ எதுக்கு வையிற? அவன் சொல்றது நெசந்தான். எங்காத்தா எனக்குப் பாடுனது. மெட்டு ஒண்ணுதான். வார்த்தைதான் வேற. அழுகுறப்ப கொஞ்சம் இழுத்துப் பாடணும், அம்புட்டுத்தான்."

நாற்பத்தேழு ஆண்டு அந்த மெட்டு நம் காதில் இருந்திருக்கிறது. அதில்தான் நாம் உறங்கினோம்; அதில்தான் நம் தந்தையை வழியனுப்பினோம். இரண்டும் ஒன்று என்பதை நாம் ஒருபோதும் கேட்கவில்லை. ஏனெனில் ஒன்றை மகிழ்ச்சியின் அறையிலும் மற்றொன்றைத் துயரத்தின் அறையிலும் வைத்துப் பூட்டியிருந்தோம். விளையாட்டில், வெற்றியிலும் தோல்வியிலும் அதே மெட்டு உருமாறி வருவதைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்குக் கதவு தெரியவில்லை; மெட்டு மட்டும் கேட்டது. ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், நாமும் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

மறுநாள் அலமாரிச் சாவியை அவனிடமே கொடுத்துவிட்டோம். (பரீட்சையில் கணக்கில் குறைந்த மதிப்பெண்தான் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.) அவன் தன் அப்பத்தாவைப் பாடச் சொல்லிச் செல்போனில் பதிந்துகொண்டான். சங்கத்தின் பழைய கீபோர்டில் ஒரு மாதம் தட்டித் தடவி அம்மெட்டைப் பிடித்தான். நம்மைப் போலவே கல்லாமல் கற்றவன். சில இடத்தில் சுரம் பிசகுகிறது. தூளி ஆடும் வேகத்தில் ஒருமுறை, பிறகு மெதுவாக ஒருமுறை, மூன்றாவதாக இரண்டையும் சேர்த்து ஒருமுறை என்று அமைத்திருக்கிறான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வர் உடன் வாசிக்கிறார்கள். அவர்களுள் இருவர் மலையாளக் குழந்தைகள்.

இதற்குத் தாயார் முதலில் இசையவில்லை. "நல்ல நாள்ல, மேடையில, அதெ வாசிக்காத சாமி" என்றார். "அப்பத்தா, நான் வாசிக்கிறது தாலாட்டு" என்று மகன் சொன்னான். அவர் வெகுநேரம் யோசித்து, "அப்ப இழுக்காம வாசி" என்றார். அவன் நடுவில் இழுக்கத்தான் போகிறான். அது அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறோம். முன்வரிசையில் இரண்டாம் நாற்காலியில் வந்து அமர்ந்திருக்கிறார்.

நிகழ்ச்சி நிரலில் அது ஆறாவது உருப்படி. நாம் ஐந்தாவது. ஒதுக்கிய நேரத்தைத் தாண்டிவிட்டோம் என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பிள்ளைகள் திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள். கீபோர்டின் வயர் இந்த ஒலிபெருக்கிக்கு எட்டாதாம். மேசையைச் சற்று நகர்த்த வேண்டும். இருவர் வந்து கை கொடுத்தால் உதவியாக இருக்கும்.